தடை போட்ட வாயு தூத்துக்குடியில் மட்டும் எப்படி?

திருநெல்வேலி டவுனில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருந்தார். ஓசோனைக் கெடுக்கிறது என்று 2015-லேயே மெத்தில் புரோமைடு என்ற பூச்சி கொல்லும் வாயுவை உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் தூத்துக்குடியில் இறங்கிய தன் கண்டெய்னருக்கு அதே வாயுவைப் போட்டதாகச் சான்றிதழ் வந்திருக்கிறது, இது முறையானதா? அமெரிக்கா ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கு வருஷா வருஷம் விலக்குக் கேட்டு வாங்கியதே, களக்காட்டு வாழைக்கு நம் நாடு ஏன் கேட்கவில்லை? கிடங்கில் வண்டு விழுந்த உளுந்துக்கும் இதையே போடலாமா?

முதல் கேள்விக்கு: முறையானதுதான். மூன்றாவதற்கு: கூடாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தடை அந்த வாயுவின் மேல் இல்லை, அதை எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதன் மேல் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

மெத்தில் புரோமைடு 3.6 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் சிலிண்டரைத் திறந்த மாத்திரத்தில் வாயுதான். நிறமில்லை, சொல்லத்தக்க வாசனையும் இல்லை. ஆள் உணர்ந்து விலக வேண்டும் என்பதற்காக 2 சதவீதம் குளோரோபிக்ரின் கலப்பார்கள், கண்ணெரிச்சல் அதனால்தான். காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம் என்பதால் தரையோடு படியும். பூச்சி, நூற்புழு, பூஞ்சை, களை விதை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடும். தீமை மேலே போன பிறகு தெரியும். அங்கே பிரியும் புரோமின் அணு, குளோரின் அணுவைப் போல ஏறத்தாழ 60 மடங்கு வேகத்தில் ஓசோனைத் தின்னும். ஓசோனைக் காக்க நாடுகள் சேர்ந்து போட்ட மாண்ட்ரீல் ஒப்பந்தக் கணக்கில், குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சிஎஃப்சி வாயுவை 1 என்று வைத்தால் இதன் ஓசோன் சிதைப்புத் திறன் 0.6. ஆனால் காற்றில் ஒரு வருஷம்கூடத் தங்குவதில்லை. அதனால் பயன்பாட்டை நிறுத்தினால் பலன் சீக்கிரம் கிடைக்கும். பேச்சுவார்த்தையில் இதற்கு அவ்வளவு அழுத்தம் வந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

1992-ல் கோபன்ஹேகனில் இதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். 1995-ல் வியன்னாவில் பணக்கார நாடுகளுக்கு 2010 என்று கெடு வைத்து, 1997-ல் மாண்ட்ரீலில் அதை 2005-க்கு இழுத்தார்கள். அவர்களுக்கு 1991-ம் வருஷப் பயன்பாடுதான் அளவுகோல்: 1999-ல் 25 சதவீதம் வெட்டு, 2001-ல் 50, 2003-ல் 70, 2005-ல் முழுவதும். வளரும் நாடுகளுக்கு 1995 முதல் 1998 வரையிலான சராசரி அளவுகோல். 2002-ல் அதற்கு மேல் ஏறக்கூடாது, 2005-ல் 20 சதவீதம் குறைய வேண்டும், 2015-ல் பூஜ்யம். நீங்கள் கேள்விப்பட்ட 2015 இதுதான்.

இந்தப் படிக்கட்டில் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்தார்கள். ஒன்று சின்னக் கதவு, அதில் ஏகப்பட்ட கூச்சல். மற்றது பெரிய கதவு, அதைப் பற்றிப் பேச்சே குறைவு.

சின்னக் கதவின் பெயர் இன்றியமையாப் பயன்பாட்டு விலக்கு. 1997-ல் ஒப்பந்த நாடுகளின் ஒன்பதாவது கூட்டம் எழுதிய ஆறாம் முடிவுதான் அதன் சட்டம். கேட்கும் நாடு இரண்டை நிரூபிக்க வேண்டும்: அந்த இடத்தில் இந்த வாயு கிடைக்காவிட்டால் சந்தை பெரிதாகக் குலையும், தொழில்நுட்பத்திலும் செலவிலும் தாங்கக்கூடிய மாற்று அந்த விவசாயிக்கு இல்லை. இவற்றோடு, கசிவைக் குறைக்க முடிந்ததெல்லாம் செய்தாயிற்று, கையிருப்பிலிருந்து எடுத்தாலும் போதாது, மாற்றுக்கான ஆராய்ச்சியும் பதிவும் நடந்துகொண்டிருக்கிறது என்றும் காட்ட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சிஎஃப்சி வாயுவுக்கு விலக்கு வேண்டுமென்றால் ‘உடல்நலத்துக்கோ, பாதுகாப்புக்கோ, சமுதாயம் இயங்குவதற்கோ அவசியம்’ என்று காட்ட வேண்டியிருந்தது. இங்கே ‘சந்தை குலையும்’ என்றாலே போதும். எவ்வளவு குலைந்தால் ‘பெரிதாக’ என்று எந்தக் கூட்டமும் எண் போட்டு எழுதவில்லை. பிறகு நடந்த சண்டையில் பாதி இந்த ஒரு சொல்லில்தான்.

நடைமுறை இப்படி. வேண்டும் நாடு ஜனவரி 24-க்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். மெத்தில் புரோமைடு தொழில்நுட்பக் குழு அதைப் பிரித்துப் பார்க்கும். குழுவில் இருப்பவர்கள் மண் நோய், களை, சேமிப்புப் பூச்சி, பொருளாதாரம் தெரிந்த ஆட்கள். இடைக்கால அறிக்கை ஆண்டின் நடுவில் உறுப்பு நாடுகளின் செயற்குழுவுக்குப் போகும். வெட்டுப்பட்ட நாடு குழுவோடு தனியாக உட்கார்ந்து புதுப் புள்ளிவிவரம் கொடுக்கலாம். இறுதி அறிக்கை ஆண்டுக் கடைசிக் கூட்டத்துக்கு வரும். அங்கே ஒருமனதாக முடிவெடுப்பார்கள். விலக்கு அடுத்த ஆண்டுக்கோ அதற்கடுத்த ஆண்டுக்கோதான், நிரந்தரம் கிடையாது.

விண்ணப்பம் எங்கே உடைந்தது என்பதைப் பார்த்தால் பாடம் அதிகம். முதல் இடம் அளவு. ஒரு சதுர மீட்டருக்கு 35 கிராம், 50 கிராம் என்று பழைய பழக்கத்தில் எழுதினால், வாயு கசியாத தடுப்புப் படலம் விரித்தால் 20 கிராம் போதுமே என்று குழு அந்தக் கணக்கிலேயே குறைத்துவிடும். இரண்டாவது இடம் பரப்பு. புளோரிடா தக்காளிக்காரர்கள் சொன்ன முக்கியக் காரணம் கோரை. தாமிரபரணி வயலில் நாம் பிடுங்கிப் பிடுங்கிச் சலிக்கும் அதே கோரைதான். கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் சாதாரணக் களைக்கொல்லிக்கு மசியாது, பிளாஸ்டிக் மூடாக்கையும் குத்திக்கொண்டு மேலே வரும். குழு கோரையை மறுக்கவில்லை. எத்தனை ஏக்கரில் கோரை கடுமையாக இருக்கிறதோ அத்தனைக்குத்தான் என்றது. மூன்றாவது இடம், மாற்று மருந்து இருந்தும் உள்ளூர்ச் சட்டம் விடாத இடம். டைகுளோரோபுரோபீன் நல்ல மாற்றுதான். ஆனால் புளோரிடாவில் அடியில் சுண்ணாம்புப் பாறைக் குகைகள் உள்ள நிலத்தில் போடக்கூடாது, நிலத்தடி நீரில் இறங்கிவிடும். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு நிலப் பிரிவுக்கும் வருஷத்துக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு. ‘மாற்று இருக்கிறது’ என்பது வேறு, ‘இந்த விவசாயிக்குக் கிடைக்கிறது’ என்பது வேறு என்ற வாதம் இங்கே நின்றது. நியாயமான வாதம்தான்.

நின்றதால்தான் பெரிய சண்டையும் வந்தது. 2005-ம் ஆண்டுக்கு அமெரிக்கா தன் 1991 அளவில் 39 சதவீதம் கேட்டது. 2003-லேயே 30 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டிய நாடு, பூஜ்யமாக வேண்டிய வருஷத்தில் 39 கேட்டால் எப்படி இருக்கும்? 2003 நவம்பரில் நைரோபியில் பேச்சு முறிந்தது. அதுவரை நடக்காத ஒன்றாக, 2004 மார்ச்சில் மாண்ட்ரீலில் இதற்கென்றே சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். ஐரோப்பிய நாடுகள் உச்சவரம்பு கேட்டன. அமெரிக்கா பல வருஷத்துக்கு ஒரே விலக்காகக் கேட்டது. வளரும் நாடுகளின் எரிச்சல் வேறு வகை: தங்கள் விவசாயிகள் மாற்றுக்கு மாறிக்கொண்டிருக்கும்போது, அதே சந்தையில் போட்டி போடும் பணக்கார விவசாயிக்கு விலக்கா?

தீர்வு ஒரு கணக்குத் தந்திரம், நல்ல தந்திரம். பயன்பாட்டுக்கு ஓர் உச்சவரம்பு, புது உற்பத்திக்கு இன்னோர் உச்சவரம்பு என்று இரண்டாகப் பிரித்தார்கள். அமெரிக்காவுக்குப் பயன்பாடு 8,942 டன், அதாவது 35 சதவீதம்; புதிதாகச் செய்யவோ இறக்கவோ 7,659 டன் மட்டும், அதாவது 30 சதவீதம். இடைவெளியைப் பழைய கையிருப்பிலிருந்து எடுக்க வேண்டும். அமெரிக்கா 35 வாங்கியதாக ஊரில் சொல்லிக்கொண்டது, ஐரோப்பா 30-க்கு மேல் விடவில்லை என்று சொல்லிக்கொண்டது. அன்று 11 நாடுகளுக்குமாகச் சேர்த்து 13,438 டன் கொடுத்தார்கள்.

ஓட்டை கையிருப்பில் இருந்தது. 2005 தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனங்களிடம் கிட்டத்தட்ட 13,000 டன் இருந்தது. அந்த எண்ணையே முதலில் வணிக ரகசியம் என்று மூடி வைத்திருந்தார்கள். அவ்வளவு இருப்பு இருக்கும்போது புது உற்பத்தி எதற்கு என்று ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. 2006-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது: ஒப்பந்தம் சட்டம், ஆனால் அதன் கீழ் வருஷா வருஷம் நாடுகள் கூடி எடுக்கும் முடிவுகள் அமெரிக்க நீதிமன்றத்தில் செல்லக்கூடிய சட்டம் ஆகாது, அவை அரசியல் வாக்குறுதி மட்டுமே. எண்ணை எழுதும் இடத்தைவிட, எழுதிய எண்ணை யார் வசூலிப்பது என்பதே பெரிய கேள்வி என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆனாலும் முறை வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் மறுபடி கேட்க வேண்டும், ஒவ்வொரு வருஷமும் குழு கொஞ்சம் வெட்டும். 2016-ல் அமெரிக்காவுக்கு வெறும் 234.78 டன், பெரும்பாலும் கலிஃபோர்னியா ஸ்ட்ராபெரிக்கு. அதோடு முடிந்தது. விடாமல் நின்றது ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ராபெரி நாற்றுப்பண்ணை, பல வருஷம் ஏறத்தாழ 29 டன் என்று. நாற்றில் நோய் இருந்தால் நாடு முழுக்கப் பரவும் என்பதால் அங்கே மாற்றை நம்பக் கடைசிவரை தயங்கினார்கள். வளரும் நாடுகளில் 2015-க்குச் சீனா இஞ்சிக்கு 114 டன் வாங்கியது. அர்ஜென்டினா, மெக்சிகோவும் வாங்கின.

இனி களக்காட்டு வாழை. இந்தியா கேட்கவில்லை என்பது உண்மை; கேட்டிருந்தாலும் முதல் வாசலைத் தாண்டியிருக்காது. நம் வாழைத் தோட்டத்தில் மண்ணுக்கு இந்த வாயு போடும் வழக்கம் வேரூன்றவே இல்லை. பூச்சிமருந்துச் சட்டப்படி இது யாரும் கடையில் வாங்கிப் போடக்கூடிய மருந்தும் இல்லை. அரசு அமைப்புகளும் அங்கீகாரம் பெற்ற நிபுணரின் மேற்பார்வையில் வேலை செய்யும் நிறுவனங்களும் மட்டும் கையாளலாம். இல்லாத பழக்கம் நின்றால் சந்தை குலையாது. மாற்றோ நம் கையிலேயே இருக்கிறது. நூற்புழுவுக்குக் கன்றின் கிழங்கைச் சீவி, 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிஷம் முக்கி நடலாம். திசு வளர்ப்புக் கன்று வாங்கலாம். எல்லாவற்றையும்விட, வாழைக்குப் பின் நஞ்சையில் நெல் வைத்து வயலில் தண்ணீர் நிறுத்தினால் நூற்புழு பெருமளவு அடங்கும். தாமிரபரணிப் பாசனத்தில் இது புதிய சங்கதி இல்லை. இதைக் கேட்டால் அந்தக் குழு ‘மாற்று உள்ளது’ என்று ஒரே வரியில் முடித்திருக்கும். ஒரு கணக்கும் பாருங்கள்: கசியாத படலம் போட்டு சதுர மீட்டருக்கு 20 கிராம் என்றாலும் ஒரு ஏக்கருக்கு 80 கிலோ போகும். உங்கள் கண்டெய்னருக்குப் போனது ஒரு கிலோ சொச்சம்.

அந்த ஒரு கிலோ பெரிய கதவு வழியாகப் போகிறது. ஒப்பந்தத்தின் ‘2எச்’ பிரிவிலேயே, குவாரண்டைனுக்கும் ஏற்றுமதிக்கு முந்தைய பயன்பாட்டுக்கும் போடும் வாயு கணக்கில் சேராது என்று எழுதியிருக்கிறது. விண்ணப்பம் வேண்டாம், குழு வெட்டாது, உச்சவரம்பு இல்லை. எவ்வளவு போட்டோம் என்று வருஷம் ஒருமுறை அறிக்கை கொடுத்தால் போதும். உலகத்தில் இந்தக் கதவு வழியாக வருஷத்துக்கு 8,000 முதல் 10,000 டன் வரை போகிறது. 2005-க்காக உலகமே சண்டை போட்ட 13,438 டன் கரைந்து காணாமல் போய்விட்டது. யாரும் பெரிதாகச் சண்டை போடாத இது அப்படியே நிற்கிறது.

ஆகவே வரையறையைச் சொல்லுக்குச் சொல் பார்க்க வேண்டும். குவாரண்டைன் என்றால், அந்த நாட்டில் இல்லாத பூச்சி நுழையாமல் தடுப்பது, அல்லது இருந்தும் பரவலாகாமல் அரசு கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பூச்சியைத் தடுப்பது. அதை அதிகாரம் பெற்ற துறை செய்ய வேண்டும் அல்லது செய்யச் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக்கு முந்தையது என்றால், கப்பலேறுவதற்கு முந்தைய 21 நாளுக்குள், வாங்கும் நாட்டின் அல்லது விற்கும் நாட்டின் அரசு விதி கேட்டதற்காகப் போடுவது. வாங்குபவர் தன் ஆசைக்குக் கேட்டால் அது இதில் வராது. கப்பல் தள்ளிப்போய் 21 நாள் கடந்தால் மறுபடி போட வேண்டியதுதான். அந்த வாயு முழுக்க வீண்.

உங்கள் பருப்பு விஷயத்துக்கு வருவோம். 2003-ம் வருஷத்து இறக்குமதிப் பயிர் குவாரண்டைன் ஆணைப்படி, வெளிநாட்டுப் பயறு ஏற்றும் இடத்திலேயே மெத்தில் புரோமைடு போட்டு வர வேண்டும்: கன மீட்டருக்கு 32 கிராம், 21 டிகிரிக்குக் குறையாத வெப்பம், 24 மணி நேரம், அல்லது அதற்குச் சமமானது. கனடாக்காரர்கள் இதில்தான் முட்டினார்கள். குளிர்காலத்தில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். 10 டிகிரிக்குக் கீழ் இந்த வாயு சரியாகப் பரவாது, பூச்சியின் மூச்சும் மந்தமாகி மருந்து ஏறாது. போதாததற்கு, ஓசோனுக்காக அவர்கள் குறைத்துக்கொண்டு வரும் பொருள். எங்கள் பனியே பூச்சியைக் கொன்றுவிடும் என்பது அவர்கள் வாதம். இந்தியா 2004-லிருந்து ஆறு ஆறு மாதமாக விலக்கை நீட்டிக்கொண்டே வந்தது. 2017 வாக்கில் நீட்டிப்பு இறுகியது. அங்கே போடாமல் வரும் சரக்குக்கு ஆய்வுக் கட்டணம் ஐந்து மடங்கு, வாயுவை இங்கே இறங்கும் துறைமுகத்தில் போட வேண்டும் என்றானது. அதே வருஷம் நவம்பரில் பட்டாணிக்கு 50 சதவீத இறக்குமதி வரியும் வந்தது. விளாத்திகுளம், கோவில்பட்டிக் கரிசலில் உளுந்தும் பாசியும் போடுகிறவர்கள் விலை சரிந்து கிடந்த நேரம் அது. பூச்சி விதியும் சந்தைக் கணக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தன என்று கனடாக்காரர்கள் நினைத்ததில் வியப்பில்லை. ஓசோன் பக்கம் நின்று பார்த்தால் லாபமும் இல்லை. அங்கே போடாத வாயு இங்கே போடப்படுகிறது, அவ்வளவே.

தூத்துக்குடியில் வெப்பம் பிரச்சினை இல்லை. தவறு நடப்பது வேறு இடங்களில். 20 அடி கண்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். 32 கிராம் வீதம் 1,056 கிராம். பருப்பின் எடையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, மொத்த உள்ளளவுக்குப் போட வேண்டும். கதவு ரப்பர் பழசானால் வாயு நிற்காது. அழுத்தச் சோதனையில் 200 பாஸ்கலிலிருந்து 100-க்கு இறங்கப் பத்து வினாடியாவது ஆக வேண்டும். இல்லையென்றால் கண்டெய்னருக்கு மேல் தார்ப்பாய் போட்டு, மணல் நிரப்பிய நீளப் பைகளைச் சுற்றிலும் அடுக்கிச் செய்ய வேண்டும், அதுவும் வெடிப்பில்லாத கான்கிரீட் தரையில். திரவமாக உள்ளே பீய்ச்சினால் பட்ட மூட்டை கெடும், மூலைக்கு வாயு போகாது. அதனால் 65 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் சுருள் குழாய் வழியாக ஆவியாக்கி விட வேண்டும். மூட்டை உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கியிருந்தால் வாயு பருப்பைத் தொடவே தொடாது. சான்றிதழ் மட்டும் சுத்தமாக இருக்கும். அரை மணியில் போட்ட அளவில் முக்கால் பங்கு, 24 மணியில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் கருவியில் காட்ட வேண்டும். கடைசியில் காற்றோட்டம் விட்டு 5 பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்துக்கு ஐந்து பங்கு) கீழே இறங்கின பிறகுதான் ஆள் ஏறலாம். வாசனை போய்விட்டது என்று ஏறுவதுதான் உயிரை எடுக்கும் பழக்கம்.

சான்றிதழில் அளவு, நேரம், வெப்பம், தேதி, போட்ட நிறுவனத்தின் பதிவு எண் இந்த ஐந்தும் இருக்கிறதா பாருங்கள். அளவை உள்ளளவால் பெருக்கி, செலவான கிராமோடு ஒத்துப் பாருங்கள். பொய்யான சான்றிதழ் பெரும்பாலும் இந்தப் பெருக்கலில்தான் மாட்டும்.

மரப் பேலட்டில் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு விதி வேறு: 21 டிகிரிக்கு மேல் கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி கழித்து 24 கிராம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிஷம் நிற்கும்படி சூடாக்கலாம்; ஓசோனுக்கும் அதுதான் நல்லது. சேமித்த தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டுக்கு ஆஸ்திரேலியா கேட்பது 80 கிராம், 48 மணி. அதன் புழு உறக்கநிலையில் வருஷக்கணக்கில் கிடக்கும் என்பதால் அவ்வளவு. ஐரோப்பாவோ 2010 மார்ச்சிலிருந்து தன் மண்ணில் குவாரண்டைனுக்குக்கூட இதைப் போடுவதில்லை. நம் பக்கத்து நிலாவரை இலை அங்கே போகும்போது புரோமைடு எச்சத்தைச் சோதிப்பார்கள். ஒப்பந்தம் போடும்போதே எந்த முறை என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

கிடங்கு உளுந்து. அங்கே விழும் வண்டு ஊரெல்லாம் இருக்கும் வண்டு, குவாரண்டைன் பூச்சி இல்லை; கப்பலும் இல்லை. எனவே அது 2015-ல் பூஜ்யமான கணக்கில் வரும். ‘துறைமுகத்து வேலையில் மிஞ்சினது’ என்று யாராவது சிலிண்டர் கொண்டுவந்தால் வாங்கவே கூடாது. அதற்கு அலுமினியம் பாஸ்பைடு உண்டு. அதையும் அங்கீகாரம் பெற்ற ஆளை வைத்துத்தான் போட வேண்டும். டன்னுக்கு 3 கிராம் மாத்திரை மூன்று, கசியாத தார்ப்பாய்க்குள் ஐந்திலிருந்து ஏழு நாள். மூன்றாம் நாளே பிரித்தால் முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பித்து, ஒரு மாதத்தில் மறுபடி வண்டு கிளம்பும். அப்படிப் பாதி மருந்தில் தப்பின வண்டுதான் மருந்துக்குப் பழகிப்போகிறது. மின்பெட்டியின் செம்புக் கம்பிகளை அந்த வாயு அரிக்கும், அவற்றை முதலில் மூடிவிடுங்கள், அண்ணாச்சி.